ராகலை பஸ்ஸில் கங்காணிக்கு விட்ட இடம்

இன்று ராகலை பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கிய பழைய கங்காணி ஏறினார். என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அதில் என் பை இருந்தது. நான் எடுக்கவில்லை.

எழுபத்தெட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, கொழுந்து நிறுக்கும் இடத்தில், அறுபது பேர் முன்னால் என் கூடையைக் கவிழ்த்து, "இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா?" என்று கேட்டவர் அவர்தான்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், மற்றவர்கள் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தி, இரண்டு கையாலும் கொழுந்து எடுக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஊர் வாய்க்குப் பயந்து, தன் மனைவியைக் கூட்டிவந்து பாறைமேல் உட்கார வைத்திருந்தார்.

"இன்னும் கோவந்தானா தங்கச்சி?" என்றார் இன்று.

"நீங்க ஏசினது தோட்டத்துக்கே தெரியும். சொல்லிக் குடுத்தது ஒங்க சம்சாரத்துக்கு மட்டுந்தான் தெரியும். இன்னைக்கும் லயத்து வீடுகள்ல எனக்குத் தழைக்காரின்னுதான் பேரு."

கம்பியைப் பிடித்தபடி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "இவங்க கூடையில நான் குத்தம் கண்டது ஒரே ஒரு நாளு. அதுக்கப்புறம் எங்க மலையில இவங்களுக்கு மேல கொழுந்து எடுத்த ஆளே இல்ல."

"சரிங்க ஐயா, டிக்கட்ட எடுங்க" என்றார் கண்டக்டர்.

பையை மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டேன்.

பஸ்ஸில் இருந்தது முப்பது பேர்தான், எண்ணிப் பார்த்தேன். பாதிக் கோபம் தீர்ந்தது. மீதியை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.