அலசிய கோடி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பிறந்த வீட்டில் இதை எழுதத் தங்கை நான் ஒருத்திதான் மீதி.

அக்கா வல்லத்தில் பிறந்தார். நைனா செஞ்சிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்தபோது குடும்பம் இங்கே வந்தது. சென்னையில் ஓவியம் படித்துத் திரும்பிய அக்கா, ஓய்வு பெறும்வரை பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தார். திருமணம் அமையவில்லை. பெற்றோருக்குப் பின் செஞ்சி வீட்டில் தனியாகவே வாழ்ந்தார்.

பழைய வேட்டியில் சாயத்தால் வானம் தீட்டி, அதன்மேல் கிழிந்த சேலைத் துண்டுகளைத் தைத்து செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையின் பாறைகளை அடுக்குவார். ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பினால் தையல் வேலை என்று திரும்பி வரும். கைத்தறிக் கண்காட்சிக்கு அனுப்பினால் ஓவியம் என்று திரும்பி வரும். நான் போயிருந்த ஒரு நாள் எதிர்வீட்டு அம்மாள், “டீச்சர், இது மாட்டறதா, போத்திக்கறதா?” என்று கேட்டார்.

“குளிர்ற வரைக்கும் மாட்டி வையி, அப்பறம் போத்திக்கோ” என்றார் அக்கா. அம்மாள் சிரித்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்திவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தார்.

ஒரு காலையில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

எடுக்கும் நேரத்தில் கோடி பற்றிய பேச்சு வந்தது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டார் தண்ணீர் படாத புதுத்துணி கொண்டுவந்து போர்த்துவது எங்கள் வழக்கம். பெரியப்பா, “அவளுக்குப் பொறந்த வூடும் இதான், புகுந்த வூடும் இதான். கோடி யாரு போடறது? அப்பிடியே எடுங்கப்பா” என்றார். தூக்குபவர்கள் முன்னால் வந்தார்கள். வேறு வீட்டுக்குப் போய்விட்ட நான் போடலாமா என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா யாருமற்றவராய்ப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அப்போது அக்காவின் பழைய மாணவி, கடைத்தெருவில் தையற்கடை நடத்துபவர், பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்தார்.

“நான் போடறேன்.”

“நீ இன்னா உறவும்மா?” என்றார் பெரியப்பா.

“டீச்சர் அடுத்த படத்துக்கு வாங்கியாரச் சொன்ன துணி, தாத்தா. அலசி, கஞ்சி போக்கி வச்சிருந்தேன்.”

“அலசினதா? அப்ப அது கோடியே இல்லியே!”

“கஞ்சி இருந்தா சாயம் புடிக்காது. புதுத்துணிய அப்பிடியே டீச்சர் தொடவே மாட்டாங்க.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். “போடட்டும் பெரியப்பா” என்றேன். ஒரு முனையை நானும் பிடித்தேன்.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், உடன் பணிபுரிந்த ஆசிரியர்களுக்கும், வாசலில் நின்ற மாணவியர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தையற்கடைக்கு நேரில் போய் நன்றி சொன்னபோது, அக்கா அந்தத் துணியில் என்ன வரைய இருந்தார் என்று கேட்டேன்.

“சொல்லலியேக்கா. பெருசா வேணும்னு மட்டும்தான் சொன்னாங்க.”