அடுத்து எந்தக் கதை, அண்ணே?

வீடியோ கேம் கடையில் நிற்பவனுக்குப் பாதி வேலை விற்பது, மீதி வேலை ஆறுதல் சொல்வது. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் இருக்கிற எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கதை கேம் பைத்தியங்கள். நாமே ஒரு ஆளாக உள்ளே நுழைந்து, ஊர் ஊராக அலைந்து, பழகி வாழ்கிற வகை. உங்களுக்கும் இருக்குமே அந்த நோய்? கேமுக்குள் மாதக்கணக்கில் கூடவே நடந்தவர்கள் கடைசிக் காட்சியோடு போய்விடுவார்கள். மறுநாள் வேலையில் மனம் ஒட்டாது.

பேர் சொல்லிக் கூப்பிடும் ஊர்

சேவியர் தினமும் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய் வருகிறவர். வழியெல்லாம் கையில் கேம்தான். ஒரே கேமை மூன்றாவது முறையும் முடித்துவிட்டு வந்து நின்றார். புதிதாக வந்ததையெல்லாம் எடுத்துக் காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை. பழையதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"சண்டைய விடுங்க லா. கேம்ல வர்ற கம்பத்துக்குள்ள, அந்தக் கிராமத்துக்குள்ள நுழைஞ்சா ரொட்டிக்கடை அம்மா என் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. வேலையில நான் வெறும் நம்பர்தான்."

இரண்டு பேருக்கு ஒரே கதை

செல்வி பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்திருந்தார். கணவர் குமாருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒரே கேமில் இரண்டு கேட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு. ஃபோனில் "சாப்பிட்டியா"வைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லையாம். இருவரும் ஒரே கதைக்குள் நடந்தால் பேச ஏதாவது இருக்குமே என்று நினைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய கதை வேண்டும் என்று கேட்டேன்.

"அவரு வர்ற வரைக்கும் முடியக்கூடாது, அண்ணே."

பிரிக்காத உறை

ஆறு மாதம் கழித்து செல்வியும் குமாரும் சேர்ந்து வந்தார்கள். செல்வியின் முகம் சரியில்லை. குமாரின் பையைத் திறந்தபோது அந்த கேம் உறைகூடப் பிரிக்காமல் கிடந்ததாம். கப்பலேறிய அன்றே அவருடைய கேம் மெஷின் பழுதாகிவிட்டது. மனிதர் மூச்சு விடவில்லை. "நான் இன்னும் அங்க வரல, நீ சொல்லு. அப்புறம்?" என்றே ஆறு மாதத்தையும் ஓட்டியிருக்கிறார்.

"பொய் சொல்லிட்டாரு," என்றார் செல்வி.

குமார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உண்மையச் சொன்னா கதை சொல்றத நிறுத்திடுவாளோன்னு பயம், அண்ணே. அங்க எனக்கு வேற என்ன இருக்கு?"

பிறகு செல்வி அலமாரிப் பக்கம் போய் ஒவ்வொன்றாகப் புரட்டி, நீளமான கதை எது என்று கேட்டு, அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"அடுத்த வாரம் மறுபடியும் கெளம்புறாரு. இந்தத் தடவ ஒன்னு போதும், அண்ணே. நான் வெளையாடுறேன், அவரு கேக்கட்டும்."

என் வீட்டிலும் மூன்று கேம் முடிந்து கிடக்கிறது, "அப்புறம்?" என்று கேட்கிற ஆளைத்தான் எங்கள் கடையில் விற்பதில்லை.