மகளிடம் கொண்ட பொறாமை

நிறுவன அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் மகள் காரில் ஏறிய முதல் நாள் எனக்குப் பெருமைதான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் மின்னணுச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவள் பொறியியல் பயிற்சி மாணவி. அதே வட்டாரத்தில், பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நான் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இயற்பியலில் அண்ணனைவிட எனக்குப் புள்ளிகள் அதிகம். பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அண்ணன். மகன்தான் படிக்க வேண்டும் என்பதில் யோசிக்க அப்பாவுக்கு எதுவும் இருக்கவில்லை. இன்று பக்கத்து ஊரான கெலுகோரில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன்; நிறைய வாசிக்கிறேன். அந்த இயந்திரங்களை இயக்கியும், அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் கடைசிவரை அறியாதவள் நான்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, காரில் ஏறியவள் சொன்னாள்:

"மா, இந்த கோர்ஸை விட்டுடலாம்னு இருக்கேன்."

கிளப்பிய காரை அணைத்தேன். எனக்கு யாரும் நீட்டாததை இவள் வேண்டாமென்று தள்ளுகிறாள். அப்படித் தள்ளிவிட முடிகிற வசதியின் மீதும் எனக்குப் பொறாமை.

திட்டுவதற்காகத் திரும்பினேன். காலையில் வைத்த பொட்டு அவள் நெற்றியில் அப்படியே இருந்தது; பவுடர்கூடக் கலையவில்லை. சில்லு செய்யும் தூசியில்லா அறையான க்ளீன்ரூமுக்குள் இரண்டுக்கும் அனுமதி கிடையாது. ஒரு துகள் விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். என் காலத்திலும் முகத்தை நன்றாகக் கழுவிய பிறகே வெள்ளை அங்கியை மாட்டுவோம்.

"நீ உள்ள போகவே இல்லையா?"

"எங்க விடுறாங்க? பையனுங்களை எல்லாம் மெஷின்ல போட்டாச்சு. நான் மீட்டிங்ல உக்காந்து நோட்ஸ் எடுக்கணும். 'பொண்ணுங்கதான் நீட்டா எழுதுவாங்க லா'ங்கிறாரு அந்த சீனியர் அண்ணன்."

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

"சிரிச்சேன்."

"அதையும் நீட்டா சிரிச்சியா?"

"மா!"

இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்ட இடம் அவளுக்கு இன்னும் கொடுக்கப்படவே இல்லை.

"மெஷின்ல போடுங்கன்னு நீயே வாய்விட்டுக் கேளு. போட்டப்புறமும் பிடிக்கலைன்னா விட்டுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை என் வாயிலிருந்து வெளியே கொண்டுவருவது எளிதாக இல்லை.

அவள் கேட்டாள். உடனே எதுவும் நடக்கவில்லை, மறுபடியும் கேட்டாள். பின்னர் மெஷினில் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மடியிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல், மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். இயந்திரத்தின் வெற்றிடக் குழாயில் எங்கோ கசிவு. அந்த சீனியர் அண்ணன் வேறு இடத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், இவள் கேட்கவில்லை.

"குழாய் இணைப்பைச் சுத்தி ஹீலியம் அடிச்சேன் மா, மீட்டர் சர்ருனு ஏறிடுச்சு, லீக் அங்கதான்!"

"பொறு. ஹீலியம் எதுக்கு? மொதல்ல இருந்து சொல்லு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடல் பாலத்துக்குப் போகும் சாலையில் வழக்கமான நெரிசல். கோர்ஸை விடுவதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கைகளை ஆட்டி விளக்க விளக்க எனக்கு வயிறு எரிந்தது. முன்னால் நின்ற வண்டிகள் இன்னும் கொஞ்ச நேரம் நகராமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது.