என் எடிட்டரில் இல்லாத குரல்

சைதாப்பேட்டைப் பாலத்தின் இறக்கத்தில் என் ஸ்கூட்டர் சறுக்கியபோது மழை விட்டிருந்தது, சாலையில் ஈரம் மட்டும் பாக்கி. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. முதுகுப் பையில் இருந்த லேப்டாப்பும் என்னோடு விழுந்ததில் திரை நொறுங்கி, பிறகு உயிர்பெறவே இல்லை. முழங்கை வரை மாவுக்கட்டு போட்ட டாக்டர், "ஒன்றரை மாசம் இந்தக் கை உங்களோடது இல்லைன்னு நெனச்சுக்கோங்க" என்றார்.

தி.நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மருந்துக் கடைகளுக்கான பில்லும் இருப்புக் கணக்கும் போடும் மென்பொருள் எங்களுடையது. பல வருடங்கள் நான் டெஸ்டிங்கில் இருந்தேன். பிறர் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே தப்பு என்று சொல்கிற வேலை. நானே எழுதுகிறேன் என்று கேட்டுக் கேட்டு, அப்போதுதான் அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். காலாவதி ஆகப்போகும் மருந்துகளை முன்கூட்டியே கடைக்காரருக்குக் காட்டித் தருகிற பகுதி என் பொறுப்பு. நான் முழுசாக எழுதும் முதல் பகுதி. அது பாதியில் நின்றிருந்தது.

மேனேஜர் போனில் அன்பாகத்தான் பேசினார். "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா. அதை வேற யாராவது முடிச்சுடட்டும்."

"வேணாம் சார். நானே முடிக்கிறேன்."

"ஒரு கையாலயா?"

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். முடியலன்னா நானே சொல்றேன்."

அவர் சம்மதித்து, அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பை அனுப்பிவைத்தார். வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் அந்தப் பகுதி எனக்குத் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். டெஸ்டிங்கிலிருந்து வந்தவளிடம், மறுபடி டெஸ்டிங்குக்கே போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே நடந்துவிடும்.

அம்மாவும் நானும் பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறோம். அம்மா மீன் விற்கிறாள். விடியுமுன் போனால் மதியம்தான் வருவாள். அந்த நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று அலுவலக லேப்டாப்பைத் திறந்தேன். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. நிரல் எழுதுகிற எடிட்டரை அதன் மென்பொருள் பட்டியலில் தேடி நிறுவிக்கொண்டேன். பழைய லேப்டாப்பில் இருந்தது போலவேதான் திறந்தது. அதே கறுப்புத் திரை, அதே மெனு, இடது ஓரத்தில் அதே சின்னங்கள்.

எனக்கு வேண்டியது ஒரு எக்ஸ்டென்ஷன். எடிட்டரோடு ஒட்டிக்கொண்டு அதற்குக் கூடுதல் திறமை தரும் சின்னச் சின்ன மென்பொருள்களுக்கு அப்படிப் பெயர். அவற்றில் ஒன்று, நாம் பேசப் பேச அதைத் திரையில் எழுதிவிடும். அதை நம்பித்தான் மேனேஜரிடம் அப்படிப் பேசியிருந்தேன். எடிட்டருக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்டென்ஷன் கடையில் தேடினேன். கிடைக்கவில்லை. எழுத்துப்பிழையோ என்று இடது கையின் ஒரே விரலால் மறுபடி தட்டினேன். வேறு ஏதேதோ வந்தது, அது மட்டும் வரவில்லை.

இன்னொன்றும் குறைந்தது. பழைய எடிட்டரில் மூன்று எழுத்து அடித்தால் மீதியை அதுவே ஊகித்து நீட்டும். இதில் எழுத்தின் நிறம் மட்டும் மாறியது, ஊகம் எதுவும் வரவில்லை. என் பழைய அமைப்புகளைக் கணக்கில் நுழைந்து இறக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்த வசதிக்கான வரியே மெனுவில் இல்லை.

எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். இன்டர்நெட்டை மாற்றிப் பார்த்தேன். லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை அழைத்தேன்.

"அதே எடிட்டர்தான் மேடம். நெட் ஸ்லோவா இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க."

கழித்துப் பார்த்தேன். மறுபடி அழைத்தேன். அதே பதில்.

மதியம் அம்மா வந்தபோது நான் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, தனியா பேசிக்கினு கீற? கையில தான அடி? தலையிலயும் பட்ச்சா?"

"ஒரு சாமான் காணோம்மா. இங்கதான் இருக்கணும், இல்ல."

"இருக்க வேண்டிய எடத்துல இல்லனா, நீ வேற எடத்துல நின்னுக்கினு தேடுற" என்றாள். சொல்லிவிட்டு, கால் கழுவப் போய்விட்டாள். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் மயிலாப்பூர்த் தோழியை வீடியோவில் பிடித்தேன். என்னோடு அதே அலுவலகத்தில் சேர்ந்தவள். கோயில் குளத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் அவள் புகுந்த வீடு. குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள்.

"என்னடி, ஒண்ணுமே வரலைங்கறே? நேக்கு முதல் வரியிலேயே வரதே" என்று தன் திரையைக் காட்டினாள். நான் தேடிய எக்ஸ்டென்ஷன் அங்கே உட்கார்ந்திருந்தது.

"அதை ஃபைலா எடுத்து எனக்கு அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். நிறுவினேன். 'இந்த எடிட்டரில் இது இயங்காது' என்று ஒரு செய்தி வந்தது.

"இந்த எடிட்டரில்னா? நம்ம ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது ஒண்ணுதானே?" என்றாள்.

டெஸ்டிங்கில் இருந்த காலத்தில் கற்ற ஒரு பழக்கம், ஒரே மாதிரி தெரிகிற இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. "உன் ஹெல்ப் மெனுவைத் திற. கடைசி வரியை அழுத்து" என்றேன். நானும் திறந்தேன். இருவரும் மாற்றி மாற்றி வாசித்தோம். பெயரே வேறாக இருந்தது. என்னுடையதில் பெயருக்குப் பின்னால் சிறியதாக ஓர் ஒட்டு. சின்னத்தின் நீலம்கூட ஒரு சாயல் மாறியிருந்தது. ஒரு முழு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் விஷயம் தெளிந்தது. தோழியும் நானும் வழக்கமாகப் பயன்படுத்தும் எடிட்டரின் மூல நிரல் எல்லோருக்கும் பொது. அதை எடுத்து யார் வேண்டுமானாலும் ஒரு எடிட்டர் செய்துகொள்ளலாம். நான் நிறுவியது தன்னார்வலர்கள் அப்படிச் செய்தது. நல்ல எடிட்டர்தான், ஆனால் அதன் கடை வேறு. முதலில் அதை உருவாக்கிய நிறுவனம் தன் எடிட்டருக்கென்று மட்டும் செய்த எக்ஸ்டென்ஷன்கள் அந்தக் கடைக்கு வருவதில்லை. குரலும், ஊகமும், அமைப்புகளை இறக்கும் வசதியும் அந்த வகை. எதுவும் காணாமல் போகவில்லை. அங்கே அவை இருந்ததே இல்லை.

தோழி ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒரு ஃபைல்ல ரெண்டு வரி மாத்தினா, உன் எடிட்டர் அந்தக் கடைக்கே போயிடுமாம். எல்லாரும் பண்ணிண்டுதான் இருக்கா."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடையின் நிபந்தனைகளைப் படித்தால், வேறு எடிட்டரில் பயன்படுத்தக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. லேப்டாப்போ அலுவலகத்துடையது. குறுக்கு வழியில் முடித்தேன் என்று பிறகு ஒரு பேச்சு வருவதை நான் விரும்பவில்லை. உருவாக்கிய நிறுவனத்தின் அசல் எடிட்டரையே போட்டுக்கொள்வதுதான் வழி. அது பட்டியலில் இல்லை, வெளியிலிருந்து இறக்க வேண்டும். அதற்கான கடவுச்சொல் அலுவலகத்தில்தான் இருந்தது.

கட்டுப் போட்ட கையோடு, தோளில் லேப்டாப்பைத் தொங்கவிட்டு, ஆட்டோவில் தி.நகர் போனேன். கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கட்டோட ஏன் மேடம் வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு தடவை சொன்னேன் சார். நெட் ஸ்லோன்னீங்க."

அவர் மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அவருடைய எடிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டு பெயரையும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "அட, ரெண்டும் ஒண்ணுன்னுதானே எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்கேன்" என்றார். வாதாடவில்லை. அங்கேயே உட்கார்ந்து சரியான எடிட்டரை நிறுவினார். கடையைத் திறந்து தேடினேன். முதல் வரியிலேயே வந்தது. அந்த இடத்தில் கத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பேசத் தொடங்கிய பிறகுதான் அடுத்த பாடு. நான் பேசும் ஆங்கிலம் அதற்குப் பாதி புரிந்தது. நிரலில் அடிக்கடி வருகிற 'டெஃப்' என்ற சொல்லைச் சொன்னால், காது கேளாதவர் என்று பொருள்படும் சொல்லை எழுதியது. அடைப்புக்குறியைச் சொன்னால் அந்த வார்த்தையையே எழுத்துக்கூட்டி எழுதியது. அடுத்த நாள் மதியம் நான் ஒரு வரியை நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் சொன்னாள்.

"வஞ்சிரம் இல்லக்கா! சங்கரா தான் கீது!"

சந்தையில் கூவிப் பழகிய குரல். என் திரையில் ஆங்கிலத்தில் 'ஒன்', 'சீர்', 'சங்கர்' என்று ஏதோ வந்து நிரலுக்கு நடுவில் உட்கார்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் கட்டுக் கை வலித்தது.

"நான் பேசறது அதுல ஏறுதா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏறுதும்மா."

"அப்ப நான் இன்னா, ஊமையா கீறதா?"

சொன்னாளே தவிர, மறுநாளிலிருந்து சாப்பிட்டதும் பாயை எடுத்துக்கொண்டு மாடிப்படி நடைக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து அக்காவோடு கதை பேசுவாள். யாராவது எங்கள் கதவைத் தட்ட வந்தால், "உள்ள என் பொண்ணு கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கினு கீது, அப்பால வா" என்று திருப்பி அனுப்புவாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முறை பிடிபட்டது. நிரலையே சொல்லி எழுதவைப்பதை விட்டுவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்கிற விளக்கங்களை மட்டும் குரலால் எழுதினேன். அவற்றின் கீழே நிரலை இடது கையால் மூன்று எழுத்தாகத் தட்டி, மீதியை எடிட்டரின் ஊகத்துக்கு விட்டேன். மெதுவாகத்தான் போனது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கை எழுதிய நாளும் உண்டு. ஆனால் எழுதுமுன் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததால், நான் யோசிக்காமல் விட்ட இடங்கள் என் வாயாலேயே எனக்குத் தெரிந்தன.

வாரக் கடைசியில் மேனேஜர் அழைத்தார். முடிந்தவரை ஓட்டிக் காட்டினேன். "நீங்களே முடிச்சுடுங்க" என்று ஒரு தேதியும் சொன்னார். சொன்ன தேதிக்குக் கொஞ்சம் பின்னால்தான் முடித்தேன். தோழி சோதித்துப் பார்த்தாள். ஒரு வரி விடாமல் குறை சொன்னாள். எல்லாவற்றையும் திருத்தினேன்.

கட்டுப் பிரித்த வாரத்தில் நான் அலுவலகம் போனபோது, அந்தப் பகுதி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மணிக்கட்டு மரக்கட்டை போல இருந்தது. அஞ்சல் பெட்டியைத் திறந்தால் ஒரு மருந்துக் கடையிலிருந்து புகார். சில மருந்துகளின் அட்டையில் மாதமும் வருடமும் மட்டும்தான் இருக்குமாம். என் நிரல் அவற்றை மாதத்தின் முதல் நாளே காலாவதியாகக் காட்டுகிறது, கடைசி நாள்வரை விற்கலாமே என்று கடைக்காரர் கேட்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. மேனேஜர் அதை என் பெயருக்கே அனுப்பியிருந்தார். வேறு யாரையும் சேர்க்கவில்லை.

பல வருடம் பிறர் நிரலில் தப்பு சொல்லிவந்த எனக்கு, நானே எழுதியதில் வந்த முதல் புகார் அது. தோழிக்கு போன் போட்டுச் சொன்னேன். "புகார் வந்ததுக்காடி இப்படிக் குதிக்கறே?" என்றாள். ஆமாம் என்றேன். எடிட்டரைத் திறந்து, இரண்டு கையையும் விசைப்பலகையில் வைத்தேன். வலது கை விரல்கள் தடுமாறின. மாலைக்குள் திருத்தி அனுப்பிவிட்டேன்.