வரி கேட்டுப் போன வீடு

சம்பளத்தில் தொழில் வரி பிடிக்கிற மாதம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் வேலை ஓடாது. வருமான வரி டெல்லிக்குப் போகிறது, போகட்டும். உள்ளாட்சியும் எதற்குச் சம்பளத்தில் கை வைக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார்கள். அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி. பெரிய சம்பளக்காரர்களுக்குக் கூட்டிவிட்டுச் சின்னவர்களை விட்டுவிட வேண்டும் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் என் குரல்தான் மேலே கேட்கும். அப்படிப்பட்ட நான்தான், எங்களுக்கு வரி போடுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் போய் நின்றேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனும் தாலி கட்டியதும் தலைக்கட்டாகிவிடுவான். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அம்மாவும், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட நானும்தான். பாவம், பொம்பளைகளிடம் வாங்குவானேன் என்று ஊர் எங்களை விட்டுவிட்டது. வரி இல்லாத வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை, திருவிழா முடிந்து கிடாய்க்கறி பிரிக்கும்போது பங்கும் இல்லை. பக்கத்து வீட்டார் தங்கள் பங்கிலிருந்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் கோயில் வாசலில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அங்கே போய், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒருவர் அப்போதுதான் எழுந்து, "கவர்மெண்டு மாதிரி வருமானத்துக்குத் தக்கன போடலாமே. இருக்கிறவுக கூடக் குடுக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அறுவடை மெஷின் வைத்திருப்பவர் முதற்கொண்டு அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் ஏழைகளாகிவிட்டார்கள். அம்பலக்காரர்தான் எங்கள் ஊருக்குப் பெரியவர். "எல்லாத்துக்கும் ஒரே வரியே இருக்கட்டும்" என்று அவர் முடித்துவைத்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி ஒளிந்து பயனில்லை.

"பெரியப்பா, எங்க வீட்டுக்கும் வரி போடுங்க" என்றேன் அம்பலக்காரரிடம்.

"ஒங்களுக்கு எதுக்குத்தா? பிரியப்பட்டா நன்கொடையாக் குடு. மைக்குல சொல்லச் சொல்றேன்."

"நன்கொடைய வெளியூர்க்காரங்க குடுக்கட்டும். நாங்க இந்த ஊருதானே? கவர்மெண்டு எஞ் சம்பளத்துல வரி புடிக்குது. பொம்பளைன்னு விட்டுச்சா? நீங்க மட்டும் ஏன் விடுறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, ஒங்கப்பா பேருலயே எழுதிக்கிருவோம்."

அதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் சுமுகமாக முடிந்திருக்கும். "எம்பேருல எழுதுங்க. வீட்ட நடத்துறது நான்" என்றேன். இத்தனை ஆண்கள் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"இப்புடி ஒருத்திக்குப் போட்டா, இருக்கிற பொம்பளையெல்லாம் கெளம்பி வருவாக" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வரட்டுமேப்பா. கோயிலுக்குத்தானே வருது" என்ற அம்பலக்காரர் சிரித்துவிட்டார். "வரியக் கொறைங்கன்னு சண்டை போட்டுத்தான் பாத்திருக்கேன். இந்தப் புள்ள போடுங்கன்னு சண்டை போடுது. எழுதுங்க."

அங்கேயே பணத்தைக் கட்டினேன். வீடு வரும்வரை தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமாக வரி கட்டியவர் இந்த மாநிலத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

திருவிழா முடிந்து பங்கு பிரித்த நாளில், தலைக்கட்டுகளை மைக்கில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் பேர் வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அம்மா தூக்குவாளியோடு போய் ஆண்களின் வரிசையில் நின்றுவிட்டார். பங்கு பிரித்துக்கொண்டிருந்தவர் பதறிப்போனார்.

"நீங்க எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க, குடுத்தனுப்புறோம்."

"குடுத்தனுப்புனதெல்லாம் போதும்ப்பா" என்றார் அம்மா. "நின்டே வாங்கிக்கிறேன்."