கிலோவுக்கு எட்டு ரூபாய் மிச்சம்

மீஞ்சூர் நூல் கடையில் அன்று நானும் பழவேற்காட்டு மீனவர் ஒருவரும்தான் இருந்தோம். முதலாளி பட்டணம் போயிருந்ததால் கடைப் பையனான நான்தான் வியாபாரம் பார்த்தேன். இறால் வரத்து தொடங்குவதற்குள் வலை முடிக்கும் அவசரத்திலும், உப்பேறிய கைகளை விரித்து நைலான் நூலை அளந்துகொண்டிருந்தார் மீனவர்.

“மெல்லிசு அரைக் கிலோ இருபத்து நாலுண்ணே. தடிப்பு முழுக் கிலோவே நாப்பதுதான். கிலோவுக்கு எட்டு ரூபா மிச்சம்,” என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்.

“படிச்ச புள்ள சொல்றே,” என்று அளப்பதை விட்டுவிட்டுத் தடித்த நூலை வாங்கிப் போனார்.

முழுக் கிலோவானாலும் தடித்த நூலில் நீளம் குறையும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாட்கள் வாசலையே பார்த்திருந்தேன்.

ஐந்தாம் நாள் வந்தார். “கிலோ கணக்கு சரிதான் நைனா. வலைதான் பாதியோட நிக்குது. எறா நமக்கோசரம் காத்துக்கினு இருக்குமா?” என்று சிரித்தார். ஏன் திட்டவில்லை என்று இன்றும் விளங்கவில்லை. மெல்லிசு அரைக் கிலோவும் வாங்கினார். இருபத்து நான்கில் முடியவேண்டிய வலை, அவருக்கு அறுபத்து நான்கு ரூபாய் ஆனது.