தலை மட்டும் அம்மாவுடையது

அந்தக் குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது மறுமலர்ச்சிக் கால மன்னர்களின் செப்புத் தகட்டு உருவப்படங்களைப் பற்றி. பார்க்கப் பார்க்கக் குமட்டியது. இரட்டைத் தாடை, போரையே காணாத கவசம், கீழே இலத்தீனில் ஒரு புகழ்மாலை. தகட்டில் செதுக்கி, மை பூசி, தாளில் அழுத்தி, மன்னன் கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் அவன் முகத்தை அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார், பணிந்து நில் என்பதைத் தவிர அந்த முகங்களில் வேறு சேதி இல்லை. அதிலும் ஒரு கேவலமான வழக்கம் இருந்தது. மன்னன் செத்தால் பழைய தகட்டில் தலையை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு, அதே உடம்பில் அடுத்தவனின் தலையைச் செதுக்குவார்கள். கவசமும் கையும் அப்படியே இருக்கும்.

அப்போதுதான் ஜெர்மனியில், எங்கள் வீடு இருந்த ஹம் நகரத்தில், அம்மா செத்துப்போனா. பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை அவவுக்கு. எங்கள் ஈழத்து ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். செத்தவரின் படமும் வாழ்க்கைக் கதையும் உள்ள சின்னப் புத்தகம் அது. வெள்ளை மேலங்கியும் தலையில் வலைத்தொப்பியுமாக, வேலையிடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று என்னிடம் இருந்தது. இதைத்தான் போடவேண்டும் என்று அப்பாவிடம் கெஞ்சிக் கொடுத்தேன். அம்மா அம்மாவாக இருந்த படம் அது ஒன்றுதான்.

அந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் புத்தகத்தை என் கையில் தந்தார்கள். முதல் பக்கம் முழுக்கக் கோட்டும் டையுமாக ஹம் தமிழ்ச் சங்கத் தலைவர், கீழே அவருடைய அனுதாபச் செய்தி. கலியாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்த வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர். சரி, தொலையட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

அம்மா பட்டுச்சேலையில் இருந்தா. தொப்பியை அழித்துக் கணினியில் கருகருவென்று முடி வரைந்திருந்தார்கள். கழுத்தில் பச்சைக்கல் பதக்கம். அந்தப் பதக்கம் எனக்குத் தெரியும். சங்கத்தின் திருவிழாக் கலண்டரில் தலைவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி போட்டுக்கொண்டு நின்றது. சேலை அவவுடையது, தோள் அவவுடையது, மோதிரம் போட்டுக் கூப்பிய கைகளும் அவவுடையவை. அம்மாவின் கையில் சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. இந்தக் கைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்தில் நின்ற தலைவர் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சிரித்தார். "உம்மடை சீலை அவவுக்கு நல்லாத்தான் பொருந்துது." ஆத்திரத்தோடு அப்பாவிடம் ஓடினேன். அவர் வாசலில் நின்று வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது அம்மாவின்ரை உடம்பில்லை. அந்த அக்காவின்ரை."

"ஓம், தெரியும் பிள்ளை. நான்தான் தலைவர் அண்ணையிட்டைக் கேட்டனான்."

"ஏன்?"

"தொப்பியோடை எப்பிடிக் குடுக்கிறது? சனம் என்ன நினைக்கும்?" படத்தை விரலால் மெல்லத் துடைத்தார். "பாரன், இப்பத்தான் கொம்மா மரியாதையா இருக்கிறா."

பிறகு அடுத்த ஆளுக்கு ஒன்றை நீட்டினார். தலைவரை அருவருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அவர் யாரோ. அன்று அப்பாமேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.